நாற்காலி தெரியவில்லை, துணிதான் தெரிகிறது: வேலைக்குப் போகிறவர்கள் வீட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மேடவாக்கம் மாடிவீடு
நவம்பர் 3, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இத்தனை நாள் படிப்பதோடு சரி, எழுதுவது முதல் தடவை.

மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, 870 சதுர அடி. எனக்குத் தி.நகரில் வேலை. காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் திரும்ப ஏழரை ஆகிவிடும். அவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட், வாராவாரம் மாறும். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு மூன்று வயது. நான் வரும்வரை இரண்டு பேரும் கீழ்வீட்டு ஆன்ட்டி பொறுப்பு.

பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். மகளுக்குப் பிரசவம் என்று செய்யாறு போய் ஒரு மாதம் ஆகிறது. பொங்கல் கழித்துத்தான் வருவாராம். வேறு ஆள் வைக்க மனசில்லை. ஆறு வருடம் வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து நிமிர்ந்து சுத்தம் செய்தால் செவ்வாய்க்கிழமை பழையபடி ஆகிவிடுகிறது. ஹாலில் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு, கல்யாணத்தின்போது அப்பா வாங்கிக்கொடுத்தது. அது என்ன நிறம் என்று சின்னவனுக்குத் தெரியாது. கொடியிலிருந்து எடுத்த துணி மொத்தமும் அதன்மேல்தான். அடைமழை வேறு, பாதி காய்ந்தும் பாதி காயாமலும். நேற்று அவருடைய பாஸ்போர்ட்டைத் தேடினோம். அந்தக் குவியலுக்கு அடியில் கிடைத்தது, கூடவே ஒரு வாழைப்பழத் தோலும்.

தயவுசெய்து அட்டவணை போடச் சொல்லாதீர்கள். மூன்று அட்டவணை போட்டாயிற்று. மூன்றும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. அந்தக் கதவைத் துடைக்கத்தான் ஆளில்லை.


ரூம் நம்பர் 4
நவம்பர் 4, நள்ளிரவு 12.15

வேளச்சேரி, நான்கு பேர், ஒரே அறை. எங்களிடமும் நாற்காலி ஒன்று இருந்தது என்று ஹவுஸ் ஓனர் சொல்லித்தான் தெரியும்.


நெல்லை அண்ணாச்சி
நவம்பர் 4, காலை 6.05

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தாயி. எங்கள் அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை, வாஷிங்மெஷின் இல்லை. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டாகிவிடும். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். இன்றைக்கு எல்லா மிஷினும் இருக்கிறது, நேரம் மட்டும் இல்லை என்கிறார்கள். எனக்குப் புரியத்தான் மாட்டேன் என்கிறது.


கோவைக்காரி
நவம்பர் 4, காலை 9.30

அண்ணாச்சிக்குப் புரிய வைத்துவிடலாமுங்க.

உங்கள் அம்மா வீட்டில் என்னென்ன சாமான் இருந்தது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கொடி, ஆளுக்கு நாலு துணி, அடுக்குப்பானை, கொஞ்சம் பித்தளைப் பாத்திரம். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறை ஹாலாகிவிடும். தரையில் துடைப்பம் எங்கேயும் இடிக்காமல் ஓடும். இப்போது எட்டு வயசுப் பிள்ளைக்கே ஒரு பீரோ வேண்டியிருக்கிறது. சாமான் பத்து மடங்கு ஆகிவிட்டது, கை அதே இரண்டுதான்.

அந்தக் கைகளாவது வீட்டில் இருந்தன. அத்தை, சித்தி, மூத்த அக்கா என்று நாலு பொம்பளைகள் செய்ததை நாம் "அம்மா செய்தாள்" என்று ஞாபகம் வைத்திருக்கிறோம். உங்கள் மூத்த அக்கா எந்த வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வந்திருக்கிறது. வீட்டுவேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். கவனியுங்கள், செய்கிற ஆண்களின் கணக்குத்தான் அந்த 88. செய்யாதவர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

மேடவாக்கம், உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?


நெல்லை அண்ணாச்சி
நவம்பர் 4, காலை 10.10

அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். நீங்கள் சொல்வது சரிதான்.


மேடவாக்கம் மாடிவீடு
நவம்பர் 4, இரவு 10.50

கோவைக்காரி, அவர் நல்ல மாதிரி. சொன்னால் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும். "என்ன செய்யணும் சொல்லு" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் சொல்வதைவிடச் செய்வதே சுலபமாக இருக்கிறது.


ஒட்டடைக்கம்பு
நவம்பர் 5, காலை 5.40

நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. அதுவரை துடைப்பத்தைத் தொட்டவனில்லை. "என்ன செய்யணும் சொல்லு" என்று கேட்ட பரம்பரையில் நானும் ஒருவன். சொல்ல ஆள் இல்லாமல் போன பிறகுதான் இந்த வேலை என்னவென்று பார்த்தேன்.

முதல் மாதம் ஒரு காரியம் செய்தேன், பழைய உத்தியோக புத்தி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். எங்கள் ஹாலைப் பெருக்க ஆறு நிமிடம், மாப் போட எட்டு நிமிடம். ஆனால் பெருக்குவதற்கு முன்னால் பேப்பர், செருப்பு, மருந்து டப்பா, சார்ஜர், முந்தாநாள் காபி டம்ளர் எல்லாவற்றையும் எடுக்க இருபத்தைந்து நிமிடம். சுத்தம் செய்வது ஒரு வேலை, ஒதுங்க வைப்பது வேறொரு வேலை. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு "பெருக்க நேரமில்லை" என்கிறோம். பெருக்க நேரம் இருக்கிறது, தரைதான் இல்லை.

அந்த இருபத்தைந்து நிமிடம் ஏன் என்று பார்த்தால், எடுத்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நிற்பதில்தான் பாதி போயிற்று. ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைப்பது? கரண்ட் பில்லை எங்கே வைப்பது? இடம் இல்லாத சாமான் மேசைமேல்தான் போகும். மேசை நிறைந்தால் நாற்காலி. நம்முடைய சோம்பேறித்தனம் இல்லை அது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி.

மேடவாக்கம் அம்மா, உங்கள் வீட்டுக் குவியலில் இருப்பது என்னவென்று ஒரு தடவை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் "ஒரு தடவை உடுத்தினது, துவைக்கவும் வேண்டாம், பீரோவில் வைக்கவும் முடியாது" வகையாக இருக்கும். அதற்கு எந்த வீட்டிலும் இடம் கிடையாது. நான் கதவுக்குப் பின்னால் ஆறு கொக்கி அடித்தேன். பிரச்சினை முடிந்தது.

ஃபேன் துடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி அப்படியே அழுத்தி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். கண்ணில் விழாது. அறுபது வயதுக்கு மேல் ஸ்டூலில் ஏறாதீர்கள், பேரனை ஏற்றுங்கள்.


கோவைக்காரி
நவம்பர் 5, காலை 9.15

ஐயா, "பெருக்க நேரம் இருக்கிறது, தரைதான் இல்லை". இதை என் பீரோவில் எழுதி ஒட்டப் போகிறேன்.


ரூம் நம்பர் 4
நவம்பர் 5, பகல் 1.20

எங்கள் ரூமில் ஒதுங்க வைக்கிற பிரச்சினை கிடையாது, சாமானே கிடையாது. பாத்ரூம்தான் கஷ்டம். போர் தண்ணீர், டைல்ஸ் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நேற்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்தோம். ஒருத்தன் இன்னும் இருமிக்கொண்டே இருக்கிறான். ஆனால் திட்டு கொஞ்சம் போயிருக்கிறது.


நாகர்கோவில் நைட் டியூட்டி
நவம்பர் 5, பகல் 2.05

தம்பி, முதலில் அந்தப் பையனை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. மூச்சு இழுக்கிறது, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்றால் இன்றைக்கே, இப்போதே.

நான் நர்ஸ். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைப் புண்ணாக்குகிற விஷவாயு. ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் இதைச் செய்வது உயிரோடு விளையாடுகிற வேலை. பவுடருக்குப் பதிலாக பாட்டிலில் வருகிற பிளீச் திரவம் என்றாலும் இதே கதைதான். பிளீச்சோடு அமோனியா கலந்தாலும் விஷவாயுதான். பாத்ரூமில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து. ஊற்றி, தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கதவைத் திறந்து வைக்க வேண்டும். வேறு மருந்து போட வேண்டுமானால் அது இன்னொரு நாள்.

உங்கள் வெள்ளைத் திட்டு அழுக்கே இல்லை. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து காய்ந்து படிவது. அதற்கு பிளீச் ஒன்றும் செய்யாது, போனதெல்லாம் ஆசிட்டால் போனது. வினிகரை ஒரு பழைய துணியில் நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டால் போதும், தேய்த்தால் வந்துவிடும். பிழிந்த எலுமிச்சை மூடியும் வேலை செய்யும். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் புளிப்பு எதுவும் படக் கூடாது, பளபளப்பு செத்துவிடும். இன்னொன்று, சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்க விடுகிற வீடியோக்கள். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர்தான். தனித்தனியாகப் போட்டால் இரண்டும் பிரயோஜனம்.


ரூம் நம்பர் 4
நவம்பர் 5, மாலை 6.45

கூட்டிக்கொண்டு போனோம் அக்கா. ஆவி பிடிக்கிற மாதிரி ஒரு மருந்து வைத்தார்கள். இப்போது பரவாயில்லை. டாக்டரும் நீங்கள் திட்டியதையேதான் திட்டினார். நன்றி.


நாகர்கோவில் நைட் டியூட்டி
நவம்பர் 6, காலை 8.30

சந்தோஷம். இனி மேடவாக்கம் கேட்டதற்கு வருகிறேன்.

எனக்கு மாதத்தில் பத்து நாள் நைட். எல்லாவற்றையும் எப்படிச் செய்வது என்று நான் யோசிப்பதே இல்லை. எதைச் செய்யாமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று யோசிக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், முதலில் யாரைப் பார்ப்பது என்று ஒரு கணக்கு உண்டு.

ஜன்னல் கண்ணாடி அழுக்காக இருக்கட்டும். உள்ளாடை, பனியன், பிள்ளைகளின் வீட்டுத் துணி மடிக்கவே வேண்டாம், ஆளுக்கு ஒரு கூடையில் அப்படியே போடுங்கள். படுக்கை விரிப்பின் சுருக்கம் சுருக்கமாகவே இருக்கட்டும். ஷோகேஸ் பொம்மைத் தூசிக்கு வருடத்துக்கு ஒரு போகி போதும்.

விடக் கூடாதது தண்ணீர். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டைச் சுற்றி வர வேண்டும்: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு, மணிபிளாண்ட் பாட்டில், பூந்தொட்டிக்கு அடித்தட்டு, பாத்ரூமில் மூடாத பக்கெட். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பக்கெட்டின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும். திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிக்கும். நாரைப் போட்டு உள்பக்கம் தேய்க்க வேண்டும். இந்த மாதத்தில் எங்கள் வார்டுக்கு வருகிற காய்ச்சல் கேஸ்களைப் பார்க்கிறவள் சொல்கிறேன்.

அப்புறம் ராத்திரி சிங்க். எச்சில் பாத்திரமும் ஈரமும் இருந்தால் கரப்பான் வரும். மிக்ஸிக்குப் பின்னால், கேஸ் ஸ்டவ்வுக்கு அடியில் ஓடுகிற சின்ன ரகம் இருக்கிறதே, அதன் ஒரு முட்டைக்கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சு. பெட்ரூம் எப்படிக் கிடந்தாலும் சிங்க்கும் மேடையும் துடைத்துவிட்டுத் தூங்குங்கள். மேடை துடைக்கிற துணியை ராத்திரி கொதிநீரில் போட்டுப் பிழிந்து விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டி குழாய் மேல் வைக்கிற துணிதான் வீட்டிலேயே அழுக்கான பொருள்.


கடலூர் கணக்குப்பிள்ளை
நவம்பர் 6, காலை 11.00

பாத்திரம் தேய்க்கிற மிஷின் வாங்குங்கள். நான் போன வருடம் நாற்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். ஊரே சிரித்தது. இப்போது என் கொழுந்தியாளும் வாங்கிவிட்டாள்.


கோவைக்காரி
நவம்பர் 6, காலை 11.25

நம் கடாய், குழம்புச் சட்டி எல்லாம் அதில் சுத்தமாகுமாங்க? தண்ணீர் எவ்வளவு குடிக்கும்?


கடலூர் கணக்குப்பிள்ளை
நவம்பர் 6, பகல் 12.40

தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்ப்பதைவிடக் குறைவு, ஒரு ஓட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர். நேரம் இரண்டு, இரண்டரை மணி. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். எவர்சில்வர் கடாய், இட்லித் தட்டு, டம்ளர் எல்லாம் பளபள. அடிப்பிடித்தது மட்டும் முதலில் ஊற வேண்டும்.

ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அலுமினிய குக்கரைப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பவுடரின் காரம் பட்டுக் கருத்துப் போய்விடும். அம்மாவின் ஐந்து லிட்டர் குக்கர் அப்படித்தான் போயிற்று, இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். நான்-ஸ்டிக், இரும்புத் தோசைக்கல்லும் கூடாது. உப்புத்தண்ணீர் ஊராக இருந்தால் மிஷினுக்கென்று விற்கிற கல்லுப்பை அதற்கான அறையில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டம்ளரெல்லாம் விபூதி பூசிய மாதிரி வெளியே வரும்.


மேடவாக்கம் மாடிவீடு
நவம்பர் 6, இரவு 11.15

மிஷின் இப்போதைக்கு வேண்டாம், வீட்டுக் கடன் ஓடுகிறது. தவிர அக்கா திரும்பி வரும்போது அவர் வேலையில் பாதியை மிஷின் பிடுங்கியிருந்தால் நன்றாக இருக்காது.

ஐயா சொன்னபடி இன்று குவியலைப் பிரித்தேன். கணக்கு இதோ: ஒரு தடவை உடுத்தியது 11, முழுதாகக் காயாதது 9, சின்னவனுக்குச் சிறிதாகிப் போனது 14, ஜோடியில்லாத சாக்ஸ் 5, எங்கள் வீட்டுத் துணியே இல்லாத ஒரு லுங்கி. மொட்டைமாடியிலிருந்து வந்திருக்கும்.

அந்தப் பதினான்கில்தான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒன்றரை மணி நேரம் போயிற்று. அவர் டியூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ச் சிங்க்கில் இருந்த பாத்திரத்தைத் தேய்த்தார். நான் சொல்லவில்லை.


கோவைக்காரி
நவம்பர் 7, காலை 9.05

சரி, இனி விடாதீர்கள். சிங்க் அவருடையது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். "உதவி" என்று சொல்லாதீர்கள். உதவி என்றால் இன்றைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் குப்பை அவர் பொறுப்பு. மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிப்பது முதல் பை தீர்ந்தால் வாங்குவதுவரை. வண்டி வந்து போய்விட்டால் நாறுவது அவர் குப்பை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எடுக்க மாட்டேன். இரண்டு தடவை நாறியது. மூன்றாம் தடவை வண்டி மணி கேட்டதும் ஓடினார்.

முக்கியமான விஷயம், அவர் செய்ததை நீங்கள் திரும்பச் செய்யக் கூடாது.


மேடவாக்கம் மாடிவீடு
நவம்பர் 7, இரவு 10.30

அதுதான் கஷ்டம்! பாத்திரம் நன்றாகத்தான் தேய்க்கிறார். ஆனால் சிங்க் ஜாலியில் சோற்றுப் பருக்கை அப்படியே இருக்கிறது. டம்ளரை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிவிடுகிறார், காலையில் பிரிக்க இரண்டு பேர் வேண்டும்.


ஒட்டடைக்கம்பு
நவம்பர் 8, காலை 5.30

நானும் ஆறு மாதம் அப்படித்தான் சொருகினேன் அம்மா. திருத்த ஆள் இல்லை. ஒரு நாள் கொதிக்கிற காபியைக் கையில் வைத்துக்கொண்டு டம்ளரைப் பிரிக்க முடியாமல் நின்றபோது நானே கற்றுக்கொண்டேன். அவரே ஒரு நாள் பிரிக்கட்டும், நீங்கள் பிரித்துக் கொடுக்காதீர்கள்.


நெல்லை அண்ணாச்சி
நவம்பர் 8, காலை 7.20

நான் நேற்றிலிருந்து வாசல் பெருக்குகிறேன். தென்னந்துடைப்பத்தைக் கட்டுப்பக்கம் தரையில் குத்தி ஈர்க்கைச் சமப்படுத்த வேண்டும் என்பதே எனக்கு இத்தனை வயதுக்கு நேற்றுத்தான் தெரியும். வீட்டம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்காவுக்கும் போன் போட்டேன். வேறு ஒன்றும் பேசவில்லை, சும்மாதான்.


மேடவாக்கம் மாடிவீடு
நவம்பர் 29, இரவு 10.10

மூன்று வாரம் ஆயிற்று. சொல்லாமல் போய்விட்டாள் என்று நினைக்காதீர்கள்.

சிங்க் முழுக்க அவருடையதாகிவிட்டது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் கிளம்பும் முன் முடித்துவிடுகிறார். டம்ளரைப் போன வாரம் அவரே கவிழ்த்து வைத்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். ஜாலியில் பருக்கை இன்னும் இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் கொக்கி அடித்தோம். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை, நான்கு நிறம். பெரியவள் தன் கூடையை ஒழுங்காக வைத்திருக்கிறாள். சின்னவன் தன் கூடைக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை பக்கெட், ஃப்ரிட்ஜ் தட்டு எல்லாம் பெரியவள் வேலை. "கொசு இன்ஸ்பெக்டர்" என்று பெயர் வைத்திருக்கிறோம். கீழ்வீட்டு ஆன்ட்டியின் துளசி மாடத் தட்டில் புழு இருக்கிறது என்று அவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், அந்தச் சங்கடம் தனி.

ஜன்னல் கண்ணாடியைத் தொடவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த அட்டவணை மூன்றையும் கிழித்தாயிற்று. சிறிதாகிப்போன துணிகளில் பதின்மூன்றை அக்காவின் பேத்திக்கு எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. பெண் குழந்தைதான், சுகப்பிரசவம்.


ரூம் நம்பர் 4
நவம்பர் 29, இரவு 11.50

நாற்காலி என்ன ஆயிற்று? என்ன நிறம்?


மேடவாக்கம் மாடிவீடு
நவம்பர் 30, காலை 6.15

பச்சை!

இருந்தால் திரும்பத் துணி ஏறிவிடும் என்று தூக்கிப் பால்கனியில் போட்டோம். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் அதன்மேல் நாலு குச்சி, இரண்டு முட்டை. புறா. பொரிக்க 18 நாள் ஆகும், குஞ்சு பறக்க அதற்கு மேலும் ஒரு மாதம் ஆகும் என்கிறார் அவர். அதுவரை பால்கனியைக் கழுவக் கூடாது என்று பெரியவள் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.